தோற்ற டெஸ்ட்டின் வாயை மூடாதீர்கள்: டெபியன் பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன். லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் சில சின்னப் பேக்கேஜ்களை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களை) சென்னையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். இந்த மடல், மூல நிரலிலிருந்து பேக்கேஜை உருவாக்கும் வேலையை, அதாவது பில்டை, வழிநடத்தும் நம் ரூல்ஸ் கோப்பில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றியது. நிரல் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட்டை ஓட்டும் கட்டளைக்குப் பின்னால் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு 'ட்ரூ' என்று எழுதுகிறோமே, அந்த வரி. சிலர் கட்டளைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு விடுவார்கள். பொருள் ஒன்றுதான்: டெஸ்ட் ஓடட்டும், தோற்றாலும் தோற்காத மாதிரியே பில்டு மேலே போகட்டும்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எடுத்தால் என்ன ஆகும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன். வெறுமனே புத்தி சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் நானே அதை எழுதியவன்.

சில ஆண்டுகளுக்கு முன், அகராதிக் கோப்புகளைப் படித்துச் சொல் தேடித்தரும் ஒரு சின்ன லைப்ரரியைப் பேக்கேஜ் செய்தேன். என் மடிக்கணினியில் எல்லா டெஸ்ட்டும் தேறின. மேலேற்றினால் டெபியனின் இயந்திரங்கள் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் (ப்ராசஸர் வகைக்கும்) தனித்தனியாகப் பில்டு செய்யும். அன்று இரவே எஸ்390எக்ஸ் பில்டு சிவப்பானது, அதாவது தோற்றது. எஸ்390எக்ஸ் என்றால் ஐபிஎம் மெயின்ஃபிரேம். பில்டில் நடந்ததைப் பதியும் லாகைத் திறந்து பார்த்தேன். 'அ' வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு சீன எழுத்து வந்திருந்தது. அந்த லைப்ரரியை எழுதியவரோ, தன் நிரல் இன்டெல், ஆர்ம் இரண்டில் மட்டுமே வேலை செய்யும் என்று ஆவணத்திலேயே சொல்லியிருந்தார். மெயின்ஃபிரேமில் உட்கார்ந்து யார் அகராதி புரட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். வரியைச் சேர்த்தேன். பில்டு பச்சையானது. தூங்கப் போய்விட்டேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு வழு அறிக்கை வந்தது. அனுப்பியவர் எந்த அகராதியும் பார்க்கவில்லை. வேறொரு மென்பொருள் என் லைப்ரரியை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு நூலகத்தின் தலைப்புப் பட்டியலுக்கு அட்டவணை உருவாக்கியிருக்கிறது. அவர் அதை எஸ்390எக்ஸ் இயந்திரத்தில் உருவாக்கி, சாதாரண சர்வருக்கு நகர்த்தியபோது ஒரு தலைப்பும் படிக்க முடியவில்லை. பல மாதம் சேர்த்த பதிவுகள். நல்லவேளையாக மூலத் தரவு அவரிடம் இருந்தது, மறுபடி உருவாக்கிக்கொண்டார். என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "பில்டு லாகில் இந்தத் தவறு முதல் நாளிலிருந்தே இருக்கிறதே, கவனித்தீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

கவனித்திருந்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நடந்தது இதுதான். யூனிகோடில் 'அ' என்ற எழுத்தின் எண் 0பி85, பதினாறடிமான எண். அந்தக் கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பைட். சிறிய பைட் முன்னால், பெரிய பைட் பின்னால். ஆகவே வட்டில் 85, அப்புறம் 0பி என்று கிடக்கும். இன்டெல் ப்ராசஸரும் எண்களை அதே வரிசையில்தான் வைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு பைட்டை அப்படியே ஒரு எண்ணுக்குள் நகலெடுத்தால் சரியாக வந்துவிடும். மெயின்ஃபிரேம் பெரிய பைட்டை முன்னால் வைக்கிற வகை. அதே இரண்டு பைட்டை அது 850பி என்று படிக்கும். அந்த எண் சீன எழுத்துகளின் தொகுதிக்குள் விழுகிறது. டெஸ்ட் லாகில் நான் பார்த்தது அதைத்தான். படிப்பதில் நடந்த அதே தவறு எழுதுவதிலும் நடந்ததால், அந்த இயந்திரத்தில் உருவான கோப்பு அந்த இயந்திரத்துக்குள் மட்டும் சரியாக இருப்பதுபோல் தெரிந்தது. திருத்தம் நாலே வரி. நான் அன்று இரவு அரை மணி நேரம் செலவழித்திருந்தால் முடிந்திருக்கும்.

நாம் ஏன் அந்த வரியை எழுதுகிறோம் என்பது எனக்குத் தெரியும். சோம்பல் மட்டும் காரணமில்லை. புதிய பதிப்புகள் முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிளிலிருந்து, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்குக்கு ஒரு பேக்கேஜ் நகர வேண்டுமானால், முன்பு எந்தெந்த அதிகாரபூர்வ ஆர்க்கிடெக்சரில் பில்டு ஆகியிருந்ததோ அத்தனையிலும் மறுபடி ஆக வேண்டும். ஒன்றில் தோற்றாலும் எல்லாவற்றிலும் நிற்கும். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13-இல் ஏஎம்டி64 (இன்டெல்லின் 64 பிட் வகையும் இதுதான்), ஆர்ம்64, ஆர்ம்எச்எஃப், பிபிசி64இஎல், ரிஸ்க்-ஃபைவ், எஸ்390எக்ஸ் என்று நீள்கிறது பட்டியல். ஐ386, ஆர்ம்இஎல் இரண்டும் அரைகுறை ஆதரவோடு இருக்கின்றன. இதற்கு வெளியே ஆல்ஃபா, எச்பிபிஏ, எம்68கே, ஸ்பார்க்64 என்று தன்னார்வலர்கள் நடத்தும் போர்ட்டுகள், அதாவது அதிகாரபூர்வமல்லாத டெபியன் வடிவங்கள், வேறு. நிரல் எழுதியவர் சொல்வதோ "எனக்கு இரண்டு ஆர்க்கிடெக்சர்தான்" என்று. நடுவில் நிற்பவர் நாம். அலுவலகம் முடிந்து, வீட்டு வேலை முடிந்து, இரவு பத்தரைக்கு மேல் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறோம். வாழ்நாளில் தொட்டே பார்க்காத ஓர் இயந்திரத்தில் முந்நூறு டெஸ்ட்டில் ஒன்று தோற்றதற்காக, பாதுகாப்புத் திருத்தம் உள்ள புதிய பதிப்பு வாரக்கணக்கில் நகராமல் நின்றால் கை தானாக அந்த வரிக்குத்தான் போகும். அந்த வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்த வரி ஒரு டெஸ்ட்டை, ஓர் ஆர்க்கிடெக்சரில் மட்டும் அடக்குவதில்லை. எல்லா டெஸ்ட்டையும் எல்லா ஆர்க்கிடெக்சரிலும் அடக்கிவிடுகிறது. நாளை ஏஎம்டி64-லேயே பாதி டெஸ்ட் தோற்றாலும் பில்டு பச்சையாகத்தான் இருக்கும். மெயின்ஃபிரேமுக்காகப் போட்ட பூட்டு எல்லாக் கதவையும் பூட்டிவிடும். அந்தப் பச்சையை நம்பி, நம் பேக்கேஜின் மேல் வேறு பேக்கேஜ்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் இன்னும் சில.

இன்னொரு நினைப்பும் நமக்குள் ஆழமாக இருக்கிறது: ஏஎம்டி64-இல் தேறினால் நிரல் சரி, வேறு எங்காவது தோற்றால் அந்த இடம் விநோதமானது. இது உண்மையில்லை. நம் மொழியை வைத்தே காட்டுகிறேன்.

சி மொழியில் 'சார்' என்ற ஒரு பைட் வகைக்கு எதிர்ம எண் உண்டா இல்லையா என்பதை மொழி முடிவு செய்யவில்லை. ஆர்க்கிடெக்சரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. லினக்ஸில் இன்டெல் வகைகளில் உண்டு. ஆர்ம், பவர், எஸ்390எக்ஸ், ரிஸ்க்-ஃபைவ் எல்லாவற்றிலும் இல்லை. இப்போது 'அ' என்ற எழுத்தை யுடிஎஃப்-8-இல் எழுதினால் மூன்று பைட்: 224, 174, 133. இன்டெல்லில் இவை -32, -82, -123 ஆகிவிடும். 256 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையில் பைட்டையே இட எண்ணாக வைத்துத் தேடும் நிரல் ஒன்று இருந்தால், ஆங்கிலம் கொடுக்கும்வரை எங்கேயும் பிரச்சினை தெரியாது. தமிழ் கொடுத்தால் ஆர்மில் சரியாக ஓடும். இன்டெல்லில் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் யாருடைய நினைவகத்தையோ படிக்கும். இங்கே விநோதமான ப்ராசஸர் எது?

அதே வகையில் தலைகீழான ஒன்றும் உண்டு. கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படித்து, -1 வந்தால் நிறுத்து என்று எழுதி, படித்ததைச் 'சார்' வகையில் வைத்தால், ஆர்மில் அந்த -1 ஒருநாளும் வராது. 255 ஆகிவிடும். நிரல் முடிவில்லாமல் சுற்றும். பில்டு இயந்திரம் சில மணி நேரம் பார்த்துவிட்டு வெட்டிவிடும், லாகில் "நேரம் கடந்தது" என்று மட்டும் இருக்கும். நாம் அதைப் பார்த்து "மெதுவான இயந்திரம்" என்று எழுதிவிடுவோம். அதே நிரல் இன்டெல்லில் வேறு விதமாகத் தவறு செய்யும்: கோப்பின் நடுவில் 255 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். இரண்டு இடத்திலும் தவறுதான். ஒன்று சத்தம் போடுகிறது, மற்றது போடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிற ஆர்க்கிடெக்சரில் தோற்ற டெஸ்ட் என்பது இலவசமாகக் கிடைத்த இன்னொரு ஜோடிக் கண். அது பார்த்துச் சொல்வதில் பாதிக்கு மேல் நம் எல்லோருக்கும் பொதுவான தவறுகளாக இருப்பதை என் சின்ன அனுபவத்திலேயே கண்டிருக்கிறேன்.

சரி, எல்லாத் தோல்வியும் நிரலின் தவறா? இல்லை. டெஸ்ட்டே தவறாக இருக்கும் இடங்கள் நிறைய. முழு எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் இன்டெல்லில் நிரல் அடிபட்டு விழும். ஆர்ம்64-இல் விடை சுழியம் என்று சொல்லிவிட்டு அமைதியாகப் போகும். ரிஸ்க்-ஃபைவில் -1 வரும். சி மொழி இதற்கு எந்த விடையும் விதிக்கவில்லை, ஆகவே 'விழ வேண்டும்' என்று எதிர்பார்க்கும் டெஸ்ட் மொழியைச் சோதிக்கவில்லை, ஒரு சிப்பைச் சோதிக்கிறது. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்து வரும் 'எண் இல்லை' என்ற மதிப்பும் அப்படித்தான். இன்டெல்லில் அதை அச்சிட்டால் முன்னால் கழித்தல் குறி வரும், ஆர்மிலும் ரிஸ்க்-ஃபைவிலும் வராது. வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டெஸ்ட் அந்த ஒரு குறிக்காகத் தோற்கும். நினைவகப் பக்கம் 4 கேபி என்று எழுதிவைத்த டெஸ்ட், 64 கேபி பக்கம் சகஜமாக இருக்கும் பவர் இயந்திரத்தில் தோற்கும். இவற்றையெல்லாம் டெஸ்ட்டிலேயே திருத்தி, அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது நிரலை எழுதியவர்களுக்கு, அனுப்பிவிடலாம். யாரும் மறுக்க மாட்டார்கள்.

தசம எண்கள்தான் உண்மையான சங்கடம். ஆர்ம்64, பவர், எஸ்390எக்ஸ் மூன்றிலும் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில், ஒரே தடவை மட்டும் முழுமைப்படுத்திச் செய்யும் வசதி உண்டு. ஜிசிசி கம்பைலர் கேட்காமலேயே அதைப் பயன்படுத்தும். அடிப்படை ஏஎம்டி64-இல் அந்தக் கட்டளை இல்லை, இரண்டு தடவை முழுமைப்படுத்தும். கடைசி இலக்கம் மாறும். பழைய ஐ386-இல் 80 பிட் பதிவேடுகள் இருப்பதால் அங்கே இன்னொரு விடை. மூன்றுமே நியாயமான விடைகள். டெஸ்ட் சரிசமமா என்று கேட்டால் தோற்கும். எவ்வளவு நெருக்கம் என்று கேட்டால் தேறும். இங்கே நாம் செய்யும் பாவம் என்னவென்றால், தேறும்வரை இடைவெளியை அகட்டிக்கொண்டே போவது. பத்தாவது இலக்கத்தில் ஆரம்பித்து மூன்றாவது இலக்கம்வரை வந்துவிடுவோம். கடைசி ஒன்றிரண்டு பிட் மாறினால் அது முழுமைப்படுத்தும் விவகாரம். நான்காவது இலக்கத்திலேயே மாறினால், ஒன்று கணக்கு முறையே நிலையற்றது, அல்லது உண்மையில் எங்கோ தவறு இருக்கிறது. எவ்வளவு வித்தியாசம் என்று லாகில் பார்க்காமல் இடைவெளியை மாற்றாதீர்கள்.

அப்புறம், எப்போதாவது மட்டும் தோற்கும் டெஸ்ட்டுகள். பல இழைகள் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைத் தொடர்கள்) ஓடும் நிரல்களில் இது வரும். ஓர் இழை எழுதியதை எழுதிய வரிசையிலேயே மற்ற இழைகள் பார்க்கும் என்று இன்டெல் உறுதி தருகிறது. ஆர்மும் பவரும் தருவதில்லை. பூட்டுப் போடாமல் தப்பித்துவந்த நிரல் அங்கே பத்தில் ஒரு தடவை மாட்டும். "மறுபடி ஓட்டினால் தேறிவிட்டது" என்று பில்டைத் திரும்பத் தூண்டிவிட்டுப் போய்விடுகிறோம். அது தேறவில்லை, அந்தத் தடவை தப்பித்தது. இன்று கையில் இருக்கும் போன் எல்லாம் ஆர்ம். மேசைக் கணினியிலும் கிளவுட் சர்வரிலும் ஆர்ம் வந்துவிட்டது. அந்தப் பத்தில் ஒன்று இனி ஓரத்து விஷயம் இல்லை.

அந்த வரியை எடுத்தபின் என்ன வைப்பது என்பதற்கு வருகிறேன்.

தோற்ற டெஸ்ட்டின் பெயரைச் சொல்லுங்கள். எந்த ஆர்க்கிடெக்சர் என்று சொல்லுங்கள். ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். வழு எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். அந்த ஒன்றை, அங்கே மட்டும், விலக்குங்கள். மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் எல்லா இடத்திலும் ஓடட்டும், தோற்றால் பில்டை நிறுத்தட்டும். எழுதிப் பார்த்தால் பத்து வரிகூட வராது. ஆட்டோமேக், மீசான் என்ற பில்டுக் கருவிகள் இரண்டிலும் டெஸ்ட் 77 என்ற எண்ணோடு வெளியேறினால் "தவிர்க்கப்பட்டது" என்று தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நிறுவிய பேக்கேஜைச் சோதிக்கும் டெபியனின் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட்டிலும் அதற்கென்று சொல்லி வைத்தால் அதே 77 செல்லும். தவிர்த்தது தவிர்த்ததாகவே லாகில் தெரியும், தேறியதாக வேடம் போடாது.

முடிந்த இடத்தில் தவிர்ப்பதைவிட "இது தோற்கும் என்று எதிர்பார்க்கிறேன்" என்று குறிப்பது இன்னும் நல்லது. பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டில் இந்த வசதி இருக்கிறது. கண்டிப்பான முறையில் குறித்தால், அந்த டெஸ்ட் என்றாவது தேறும்போது அதையே தோல்வியாக அறிவிக்கும். அப்ஸ்ட்ரீமில் யாரோ சரிசெய்துவிட்டார்கள், விலக்கை எடுத்துவிடலாம் என்று நமக்குத் தானாகவே தெரிந்துவிடும். தவிர்ப்புப் பட்டியல் மட்டும் வைத்திருந்தால், 2017-இல் போட்ட விலக்கு காரணமே போனபின்னும் அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு புதிய அப்ஸ்ட்ரீம் பதிப்புக்கும் ஒரு தடவை விலக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு சோதனைக்கான களஞ்சியமான எக்ஸ்பெரிமென்டலில் ஏற்றிப் பாருங்கள். இயந்திரங்கள் உழைக்கட்டும், நாம் தூங்கலாம்.

மெதுவான இயந்திரத்தில் நேரம் போதாமல் தோற்கிறது என்று உண்மையிலேயே உறுதியானால், நேரத்தைப் பெருக்குங்கள். ரிஸ்க்-ஃபைவ் பலகைகள் இன்னும் மெதுவானவை. பத்து நொடி என்று இருப்பதை அங்கே அறுபது ஆக்கினால் யாருக்கும் நட்டமில்லை. டெஸ்ட்டைத் தூக்கிவிடுவது வேறு, அதற்கு அவகாசம் கொடுப்பது வேறு.

இதையெல்லாம் பார்த்தபின்னும் சில நேரம் விடை ஒன்றே ஒன்றுதான் வரும்: இந்த மென்பொருள் இந்த ஆர்க்கிடெக்சரில் வேலை செய்யாது. உள்ளே முழுக்கச் சிறிய பைட் முன்னால் என்ற நம்பிக்கையின் மேல் கட்டியிருப்பார்கள், அல்லது 32 பிட்டில் அடங்காத நினைவகம் கேட்கும், அல்லது இன்டெல்லின் கட்டளைகளை நேரடியாக எழுதியிருப்பார்கள். அப்போது வெளிப்படையாகக் கைவிடுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. 64 பிட் மட்டும், அல்லது சிறிய பைட் முன்னால் வரும் ஆர்க்கிடெக்சர் மட்டும் என்று பில்டுச் சார்பாகவே (பில்டுக்குத் தேவையான பேக்கேஜாக) குறிப்பதற்கு டெபியனில் இரண்டு தனிப் பேக்கேஜ்கள் வைத்திருக்கிறார்கள். அதைச் சேர்த்துவிட்டு, பழைய பைனரிகளை அந்த ஆர்க்கிடெக்சரிலிருந்து எடுத்துவிடச் சொல்லி களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் எஃப்டிபி குழுவுக்கு ஒரு வழு பதிந்தால் போதும். எடுத்தபின் அது நம் பேக்கேஜின் நகர்வைத் தடுக்காது. ஒரு முப்பரிமாண வரைகலை மென்பொருளை மெயின்ஃபிரேமில் வைத்திருக்க நாம் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. இல்லாத பேக்கேஜைத் தேடி வந்தவர் "இங்கே இல்லை" என்று தெரிந்து வேறு வழி பார்ப்பார். இருந்தும் தவறான விடை தரும் பேக்கேஜை நிறுவியவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இந்த விஷயத்தில், இன்னொரு லினக்ஸ் வெளியீடான ஃபெடோராவைச் சேர்ந்தவர்களின் விதி எனக்குப் பிடிக்கும். ஓர் ஆர்க்கிடெக்சரை விலக்க அனுமதி உண்டு. ஆனால் விலக்கும் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வழு பதிந்தே ஆக வேண்டும். பின்னால் வருபவருக்கு ஒரு நூல் முனை கிடைக்கிறது. நம் பக்கம் இது நல்ல பழக்கமாக மட்டும் இருக்கிறது. விதியாகவே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இயந்திரம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயம். டெபியன் உறுப்பினர்களுக்கு ஒவ்வொரு அதிகாரபூர்வ ஆர்க்கிடெக்சருக்கும் போர்ட்டர்பாக்ஸ் என்ற, தொலைவிலிருந்து நுழைந்து பயன்படுத்தும் இயந்திரம் இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவர்களும் விருந்தினர் கணக்குக் கேட்டுப் பெறலாம். ஜிசிசி கம்பைல் ஃபார்ம் கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்குப் பலவகை இயந்திரங்களைத் திறந்துவைத்திருக்கிறது. ஐபிஎம்மும் திறமூலத் திட்டங்களுக்கு எஸ்390எக்ஸ் மெய்நிகர் இயந்திரம் இலவசமாகத் தருகிறது. ஒன்றும் வேண்டாம் என்றால், வேறு ப்ராசஸரைப் போல நடிக்கும் கியூஈமு என்ற மென்பொருள் போதும். மெதுவாக ஓடும்தான், ஆனால் பைட் வரிசைத் தவறு அதிலேயே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். என் அகராதி லைப்ரரியைக் கடைசியில் அப்படித்தான் பிடித்தேன், மடிக்கணினியிலேயே.

போர்ட்டுகளை நடத்தும் நண்பர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. உங்கள் உழைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பாரம் முழுவதையும் பராமரிப்பாளர் மேலும் அப்ஸ்ட்ரீம் மேலும் ஏற்றக் கூடாது. 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியைக் கொண்டுவந்தபோது எழுந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். ரஸ்ட் ஓடாத ஆல்ஃபா, எச்பிபிஏ போன்றவற்றில் அந்த லைப்ரரியைப் பயன்படுத்தியவர்கள் கொதித்தார்கள். அதை எழுதியவர்களோ, அந்த ஆர்க்கிடெக்சர்களை நாங்கள் ஒருநாளும் ஆதரித்ததே இல்லை என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மை. நடுவில் பேக்கேஜ் செய்தவர்கள்தான் அதை அங்கேயும் ஓடவைத்திருந்தார்கள். 2025 அக்டோபர் முடிவில், டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி கருவிக்கும் இதே கேள்வி வந்தது: 2026 மே மாதத்துக்குப் பிறகு ரஸ்ட் கட்டாயமாகலாம், ரஸ்ட் இல்லாத போர்ட்டுகள் தயாராகிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். அறிவிப்பின் தொனி பலரைக் காயப்படுத்தியது. ஆனாலும் மாதக்கணக்கில் முன்கூட்டியே, பகிரங்கமாகச் சொன்னார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

போர்ட் நண்பர்களே, நான் உங்களிடம் கேட்பது, வழு பதிந்தால் பதில் சொல்லுங்கள் என்பதுதான். திருத்தியே தர வேண்டும் என்பதில்லை. "பார்த்தோம், இது நிரலின் தவறு", "பார்த்தோம், இது எங்கள் கெர்னலின் தவறு", "எங்களுக்கு ஆள் இல்லை, எடுத்துவிடுங்கள்" இவற்றில் ஏதாவது ஒன்று. மௌனம்தான் பராமரிப்பாளரை அந்த இரண்டு செங்குத்துக் கோடுகளை நோக்கித் தள்ளுகிறது. நியாயமான அவகாசத்துக்குப் பின்னும் பதில் இல்லையென்றால், அவர் அந்த ஆர்க்கிடெக்சரை விலக்குவதில் யாரும் குற்றம் காணக் கூடாது. இன்டெல்லின் பழைய ப்ராசஸர் வகையான ஐட்டேனியத்தை லினக்ஸ் கெர்னலே 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் விட்டுவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு விளக்கு மட்டும் ஏற்றிவைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் ஆதரவில்லாதது என்றால் அழிந்துகொண்டிருப்பது என்று மட்டும் பொருளாகாது. பிறந்துகொண்டிருப்பதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது. டெபியனில் பல ஆண்டுகள் போர்ட்டாக மட்டுமே இருந்து, 2023-இல் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்குள் வந்து, டெபியன் 13-இல்தான் முழு ஆர்க்கிடெக்சராக வெளியானது. அந்த ஆண்டுகள் முழுக்க, "ரிஸ்க்-ஃபைவா, யாரிடம் இருக்கிறது" என்று சொல்லாமல், தோற்ற ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் இன்று அது நிற்கிறது. ஆர்ம்64-உம் அதே பாதையில் வந்ததுதான்; டெபியன் 8-இல், 2015-இல், முதல்முறையாக உள்ளே வந்தபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

இதில் எனக்கு உள்ளூர் அக்கறை ஒன்றும் இருக்கிறது. மறைக்கவில்லை. சென்னை ஐஐடியில் சக்தி என்ற பெயரில் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்களை வடிவமைத்து 2018-இல் சிப்பாகவே எடுத்துக்காட்டினார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் வேகாவும் அதே வகை. 2022-இல் மத்திய அரசு இவற்றையெல்லாம் ஒரு திட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. கிண்டியில் ஒரு பொறியியல் மாணவி அப்படியொரு பலகையில் டெபியனை ஏற்றி, நான் பராமரிக்கும் லைப்ரரியை நிறுவுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தவறான விடை தந்தால், அவள் சந்தேகப்படுவது என் பேக்கேஜை இல்லை. அந்தச் சிப்பைத்தான். என் பேக்கேஜ் பச்சை என்று நான் அவளிடம் சொல்லிவிட்டேனே.

நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. எல்லா ஆர்க்கிடெக்சரையும் ஆதரியுங்கள் என்று உங்களை யாரும் கேட்கவில்லை. எவற்றில் சோதித்தீர்கள் என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதுங்கள். பேக்கேஜ் செய்பவர் தோல்வியோடு வரும்போது "ஆதரவில்லை" என்று மூடிவிடாமல், அந்தத் தோல்வி உங்கள் ஏஎம்டி64 பயனரையும் ஒருநாள் தொடுமா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். தொடாது என்றால் மூடிவிடுங்கள். காரணத்தைச் சொல்லி மூடுங்கள்.

போன மாதம் என் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் திறந்து அந்த வரியைத் தேடினேன். மூன்றில் இருந்தது. மூன்றிலும் எடுத்துவிட்டு ஏற்றினேன். ஒன்றில் எல்லா இடத்திலும் எல்லாம் தேறின. எதற்காக அந்த வரியைப் போட்டேன் என்பதே எனக்கு நினைவில்லை. இரண்டாவதில் ஐ386-இல் ஒரு கணக்கு கடைசி பிட்டில் மாறியது, டெஸ்ட்டைத் திருத்தி அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பினேன், இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது இன்னும் ஆர்ம்எச்எஃப்-இல் சிவப்பாக நிற்கிறது. பேருந்துப் பிழை என்று சொல்லி விழுகிறது. ஒழுங்கில்லாத முகவரியிலிருந்து எண்ணைப் படிக்கிறது என்றுதான் நினைக்கிறேன், இன்னும் இடத்தைப் பிடிக்கவில்லை. பேக்கேஜ் நகராமல் நிற்கிறது. நிற்கட்டும். இந்த வார இறுதியில் போர்ட்டர்பாக்ஸில் உட்காரப் போகிறேன்.

உங்கள் ரூல்ஸ் கோப்பிலும் அந்த வரி இருந்து, எடுத்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால், லாகை அனுப்புங்கள். இரவு பத்தரைக்கு மேல் நானும் விழித்துத்தான் இருப்பேன். சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து உங்கள் சக பராமரிப்பாளன்